பொத்தையில் துள்ளும் திருகுமான்

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? துறைமுகம், உப்பளம், பனிமய மாதா ஆலயத் தங்கத் தேர், மக்ரூன், எண்ணெயில் பொரித்த பரோட்டா. முத்துக்குளித்தலைச் சிலர் சொல்வீர்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலைச் சொல்பவர்கள் வரலாற்றுப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குபவர்களாக இருக்கும்! ஆனால் "மலை" என்று யாராவது சொல்வீர்களா? "மான்" என்று?

சொல்லலாம், குழந்தைகளே. தூத்துக்குடியில் இருந்து திருநெல்வேலி போகும் பேருந்தில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கொள்ளுங்கள். புதுக்கோட்டை, விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம், தெய்வச்செயல்புரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் போகும். கடல் காற்றின் ஈரம் குறைந்து, பனைமரமும் உடைமரமுமாக வெட்டவெளி விரியும். அதுவரை தட்டையாகக் கிடந்த தரை திடீரென்று ஓர் இடத்தில் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் வல்லநாட்டு மலை. திருநெல்வேலியில் இருந்து வருபவர்களுக்கு 18 கிலோமீட்டர்.

பேருந்தில் போகிறவர்கள் பெரும்பாலும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊட்டி, கொடைக்கானல் போல உயரமும் இல்லை, குளிரும் இல்லை, அருவியும் இல்லை. பாறை, முள், மறுபடியும் பாறை. எங்கள் பக்கத்தில் இதுமாதிரித் தனியாக நிற்கும் மொட்டைக் குன்றுக்குப் "பொத்தை" என்று பெயர். "பொத்தையில் என்ன இருக்கு?" என்று கேட்டால், "முள்ளுதான் இருக்கு" என்பார்கள் பெரியவர்கள். முள் இருக்கிறது, உண்மைதான். அந்த முள்ளுக்கு நடுவே, இந்தியா முழுவதும் தேடினாலும் இதற்குத் தெற்கே இயற்கையாக வாழாத ஒரு விலங்கும் இருக்கிறது. அதுதான் வெளிமான். கொம்பு முறுக்கிக் கொண்டிருப்பதால் திருகுமான் என்றும் சொல்வார்கள்.

தூத்துக்குடி தனி மாவட்டமாக ஆனது 1986-ல். அதற்கு அடுத்த ஆண்டு, 1987-ல், இந்த மான்களுக்காகவே வல்லநாட்டுக் குன்றையும் அதன் அடிவாரத்தையும் சரணாலயமாக அரசு அறிவித்தது. பரப்பளவு 16.41 சதுர கிலோமீட்டர்.

ஆடா, மானா?

வெளிமானை முதன்முதலில் பார்ப்பவர்கள் கண்ணைக் கொம்பில் இருந்து எடுக்க மாட்டார்கள். மாவு பிசைந்து முறுக்கிவிட்ட மாதிரி மூன்று நான்கு சுற்று சுற்றி, 'வி' வடிவில் நிமிர்ந்து நிற்கும் கொம்பு. ஆண் மானுக்கு மட்டும்தான் பொதுவாக இது உண்டு. உடலோ சிறியதுதான். தோள் வரை அளந்தால் உங்கள் வகுப்பு மேசையின் உயரம் இருக்கும், சுமார் 80 சென்டிமீட்டர். நன்றாக வளர்ந்த ஆணின் கொம்பை மட்டும் நேராக அளந்தால் 50, 60 சென்டிமீட்டர் கூட இருக்கும். அதாவது உயரத்தில் பாதிக்கு மேல் கொம்பு!

பெண் மானும் குட்டியும் காய்ந்த புல்லின் நிறம். ஆண் குட்டியும் பிறக்கும்போது அப்படித்தான். வளர வளர அதன் முதுகு கருக்கத் தொடங்கும். வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகவே இருக்கும். வட இந்தியாவில் ஆண் மான்கள் மை போலக் கருத்துவிடும். நம் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் அடர் பழுப்போடு நின்றுவிடும். வெயிலில் கருத்துப் போவது நாம்தான் போலிருக்கிறது!

இந்தக் காட்டில் புள்ளிமானும் உண்டு. இரண்டையும் பார்த்தால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். புள்ளிமானின் கொம்பு மரக்கிளை போலக் கிளைவிடும். ஆண்டுக்கு ஒருமுறை விழுந்து, மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பில் கிளை கிடையாது, விழுவதும் கிடையாது. உள்ளே எலும்பு, வெளியே நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆன உறை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பதும் இதே அமைப்புத்தான். உண்மையில் வெளிமான், ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. புள்ளிமான் வேறு குடும்பம். அதனால்தான் அறிவியல் பெயரில் 'செர்விகாப்ரா' என்று வைத்தார்கள். லத்தீன் மொழியில் 'செர்வஸ்' என்றால் மான், 'காப்ரா' என்றால் ஆடு. மானாடு!

தமிழர்களுக்கு இது புதிய விலங்கு அல்ல. சங்கப் பாடல்களில் 'இரலை' என்று வருவது இதுதான். மழை பெய்து முடிந்த முல்லை நிலத்தில், முறுக்குக் கொம்பு இரலை தன் துணையோடு துள்ளுவதைப் புலவர்கள் சலிக்காமல் பாடியிருக்கிறார்கள். வல்லநாட்டுக்குத் தெற்கே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரில் 2004-ல் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. அப்போது கிடைத்த பானை ஓடு ஒன்றில் ஒரு பெண், கொக்கு, முதலை, இவற்றோடு ஒரு மானின் உருவத்தையும் ஒட்டுவேலையாகச் செய்து வைத்திருந்தார்கள். அந்தக் குயவர் மானை எங்கே பார்த்திருப்பார்? அதிக தூரம் போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

மூன்று நிமிட வீடு

வெளிமான் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை ஓடக்கூடியது. இவ்வளவு வேகம் எதற்கு? ஆடு மேய்கிற மாதிரி புல் மேய்கிற விலங்குக்கு அவசரம் என்ன? காரணம், அதைத் துரத்தியவர் யார் என்பதில் இருக்கிறது. சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலி ஒரு காலத்தில் இந்தியாவின் வெட்டவெளிகளில் வாழ்ந்தது. தரையில் ஓடும் விலங்குகளிலேயே அதிவேகமானது. அதன் முக்கிய இரை வெளிமான். சீட்டாவிடம் இருந்து தப்பித் தப்பித்தான் வெளிமானுக்கு இந்தக் கால்கள் கிடைத்தன என்கிறார்கள் விலங்கியலாளர்கள். முகலாய மன்னர் அக்பர் சீட்டாக்களைப் பிடித்துப் பழக்கி, வெளிமான் வேட்டைக்குப் பயன்படுத்தினார். பிறகு சீட்டா இந்தியாவில் அற்றே போனது. 1952-ல் அரசே அப்படி அறிவித்தது. 2022-ல் ஆப்பிரிக்காவின் நமீபியாவில் இருந்து எட்டு சீட்டாக்களைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 16.41 சதுர கிலோமீட்டரை ஒரு சதுரமாக வைத்துக் கொண்டால், ஒரு பக்கம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். நீங்கள் நடந்தால் ஒரு மணி நேரம். வெளிமான் தன் முழு வேகத்தில் ஓடினால்? மூன்றே நிமிடம்! அதிலும் பாறைச்சரிவு அதற்கு ஓடுகளம் ஆகாது. அடிவாரத்துச் சமவெளிதான் அதன் இடம். ஆகவே உண்மையான வீடு இன்னும் சிறியது. அந்த மூன்று நிமிட எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது? வயல், வீடு, சாலை.

ஒரு காலத்தில் இந்தியாவில் இந்த மான்கள் 40 லட்சம் இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. வேட்டையாலும், மேய்ச்சல் வெளிகள் வயலாக மாறியதாலும் கூட்டம் கூட்டமாக அழிந்தன. பாகிஸ்தானில் ஒன்றுகூட இல்லாமல் போய், கடைசியில் எங்கிருந்து வரவழைத்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் இருந்து! டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைக்காரர்கள் முன்பு கொண்டுபோய் வளர்த்த மான்களின் பேரப்பிள்ளைகள் 1970-களில் விமானம் ஏறி ஊர் திரும்பின. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் பட்டியலில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

தமிழ்நாட்டில் கோடியக்கரை, சென்னை கிண்டி, சத்தியமங்கலம் பக்கத்து மாயாற்றுச் சமவெளி ஆகிய இடங்களிலும் வெளிமான்கள் உண்டு. வல்லநாட்டில் இருந்து கோடியக்கரைக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு வல்லநாட்டு மான், கோடியக்கரை மானைச் சந்திக்கப் புறப்பட்டால் போய்ச் சேருமா? வழியெல்லாம் ஊர்கள். நடக்காத காரியம். எனவே வல்லநாட்டு மான்கள் தங்களுக்குள்ளேயேதான் இணைசேர்ந்து குட்டி போட வேண்டும். நெருங்கிய உறவுக்குள்ளேயே பல தலைமுறை இப்படிப் போனால் பிறக்கும் குட்டிகள் பலவீனமாகலாம். ஒரு நோய் வந்தால் கூட்டம் முழுவதையும் பிடித்துக் கொள்ளலாம்.

தீவு என்றால் நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் என்று புவியியலில் படித்திருக்கிறீர்கள். இது தண்ணீர் இல்லாத தீவு. தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் விலாங்குச்சல்லி என்று ஒரு தீவு இருந்தது. அலை அரித்து அரித்துக் கடலுக்குள் போய்விட்டது. முத்துச்சிப்பிகளும் அப்படித்தான். கொற்கை காலத்தில் இருந்து புகழ்பெற்ற முத்துக்குளித்தல், 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. இந்தக் கரைக்குப் பெயர் வாங்கித் தந்தவற்றில் இன்னும் உயிரோடு ஓடித் திரிவது இந்த மான் கூட்டம்.

மரம் நடலாமா?

"அப்படியானால் அந்த மொட்டைப் பொத்தையில் நிறைய மரம் நட்டால் மானுக்கு நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பள்ளியில் அப்படித்தானே கட்டுரை எழுதுகிறோம்! ஆனால் இங்கே விடை வேறு.

வெளிமான் என்ற பெயரிலேயே விடை இருக்கிறது. வெட்டவெளியில் வாழும் மான். அதன் மூக்கையும் காதையும் விடக் கண்தான் கூர்மை. எதிரி தொலைவில் வரும்போதே பார்த்துவிட வேண்டும், பார்த்ததும் ஓட வேண்டும். இதுதான் அதன் பிழைப்பு. ஆபத்து என்றால் முதலில் ஒரு மான் செங்குத்தாக ஒரு துள்ளு துள்ளும். அதைப் பார்த்து அடுத்தது, அதற்கடுத்தது என்று கூட்டமே துள்ளிவிட்டு, பிறகு பாய்ந்தோடும். அடர்ந்த காட்டில் இந்த வித்தை பலிக்காது. மரநிழல் அதிகமானால் அடியில் புல்லும் குறைந்துவிடும்.

வல்லநாட்டின் சொந்தச் செடிகள் இதற்கு ஏற்றவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் இது. ஆண்டுக்குச் சராசரியாக 65 சென்டிமீட்டர் அளவில்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். எனவே குடை விரித்தது போல மேலே தட்டையாக நிற்கும் உடைமரம், இலை பிசுபிசுக்கும் விராலி, முள்ளுக்குள் பழத்தை ஒளித்து வைக்கும் களா, இலந்தை ஆகியவை இடைவெளி விட்டு விட்டு வளரும். இடையில் புல். களாப்பழம் தின்றால் பல்லும் நாக்கும் நிறம் மாறும். அம்மாவிடம் மறைக்கவே முடியாது!

சிக்கல் வெளியில் இருந்து வந்தது. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுக்காக இங்கே கொண்டுவந்தார்கள். விறகுக்கும் கரி மூட்டம் போடவும் இன்றும் நம் மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இடைவெளி விடத் தெரியாத மரம் அது. புல்வெளியை அடைத்துக்கொண்டு புதராகப் பரவும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வறட்சியில் புல் கிடைக்காதபோது அதன் இனிப்பான நெற்றுகளை வெளிமானே தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். குஜராத்தில் உள்ள வேளாவதர் புல்வெளியில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பசிக்குத் தின்ற மான், தன் வீட்டைத் தானே அடைக்கும் மரத்துக்கு விதைப்புக்காரனாகி விடுகிறது! தமிழ்நாடு அரசு 2022-ல் இதுபோன்ற அந்நியத் தாவரங்களை அகற்றவென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒரே நாளில் வெட்டித் தீர்க்கக் கூடியது அல்ல அது. அடிவேரோடு எடுக்காவிட்டால் மறுபடி தளிர்த்துவிடும்.

சீட்டா போன பிறகு மானைத் துரத்துவது யார்? நம் தெருநாய்கள். சீட்டா ஓட்டம் நூறு, இருநூறு மீட்டரில் முடிந்துவிடும். நாய்களோ கூட்டமாகச் சேர்ந்து, விடாமல் துரத்தும். சாலையோரம் நாம் வீசும் மீதச் சோறும் கறி எலும்பும்தான் நாய்களை அங்கே வரவழைக்கின்றன. போதாததற்கு நான்குவழிச் சாலை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மானும் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரும் இரவில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டாம்.

மழை பொய்த்த ஆண்டில் மான்கள் வயலில் இறங்கிப் பயிரைத் தின்பதும் உண்டு. அந்த விவசாயியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கோடையில் வனத்துறையினர் காட்டுக்குள் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பது, மான் ஊருக்குள் வந்து கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழாமல் இருக்கத்தான்.

நடந்து பார்ப்போமா?

இந்தக் குன்றைக் காரில் இருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. நடந்தால்தான் அது தன்னைக் காட்டும். சரணாலயத்துக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். பள்ளி மூலமாகத் தலைமையாசிரியர் கடிதம் கொடுத்து, வனக்காவலர் துணையோடு போவதுதான் சரியான வழி. தனியாகவோ, நண்பர்களோடு சேர்ந்து திருட்டுத்தனமாகவோ கூடவே கூடாது. பாம்பு உண்டு, வழி தவறும், சட்டப்படியும் குற்றம்.

போக நல்ல நேரம் விடியற்காலை. ஏழு மணிக்கெல்லாம் பாறை சூடேறத் தொடங்கிவிடும். ரப்பர் செருப்பு உதவாது, உடைமுள் அடியில் குத்தி மேலே எட்டிப் பார்க்கும். முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் வேண்டும். மான் கண்ணால் வாழும் விலங்கு என்று சொன்னேன் அல்லவா? பளபளக்கும் சட்டை, மினுக்கும் ரிப்பன் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மான் தலைதூக்கிப் பார்த்தால் நின்ற இடத்தில் சிலையாக நின்றுவிடுங்கள். கை காட்டினால் அவ்வளவுதான்.

மான் கண்ணில் படாவிட்டாலும் ஏமாற்றம் வேண்டாம். தரையைப் பாருங்கள். ஒரே இடத்தில் புழுக்கை குவிந்து கிடக்கிறதா? அது ஓர் ஆண் மானின் பெயர்ப்பலகை! "இது என் இடம்" என்று அறிவிக்க, திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து போடும். ஈரமண்ணில் இரண்டாகப் பிளந்த குளம்படி தெரியும். சின்னச் சின்ன உருண்டைப் புழுக்கை சிதறிக் கிடந்தால் முயலாக இருக்கலாம். கவுதாரி "கத்தித்தார், கத்தித்தார்" என்று எங்கிருந்தோ கத்தும். தேடினால் அகப்படாது. மயில்கள் பாறை மேல் அரசர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கும். கீரி ஒன்று சட்டென்று குறுக்கே ஓடும். காட்டுப்பூனையைப் பார்த்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

கொஞ்சம் உயரே ஏறி நின்றால் தாமிரபரணி பச்சை நாடா போலத் தெரியும். பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலில் சேரப் போகும் ஆறு. தூத்துக்குடி நகரத்துக் குழாயில் வரும் குடிநீரில் பெரும்பங்கு இந்த வல்லநாட்டுப் பக்கத்தில் இருந்துதான் குழாய் வழியாக வருகிறது. நீங்கள் கடற்கரைக்காரர்களாக இருந்தால், தினமும் இந்தப் பொத்தைக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லி விடுகிறேன். புல்லுக்குள் குட்டி மான் ஒன்று அசையாமல், தனியாகப் படுத்திருப்பதை நீங்கள் எங்கேயாவது பார்க்க நேரலாம். "ஐயோ பாவம், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது" என்று தூக்கிவிடாதீர்கள். தாய் விடவில்லை. பிறந்த சில நாள்களுக்குக் குட்டியால் கூட்டத்தோடு ஓட முடியாது. அதனால் தாய் அதைப் புல்லில் ஒளித்து வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி மேய்ந்து கொண்டிருக்கும். பால் கொடுக்கும் நேரத்துக்குத் திரும்பி வரும். நீங்கள் அங்கேயே நின்றால் அது வராது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், புட்டிப்பாலில் அந்தக் குட்டி பிழைப்பது கடினம். சத்தம் போடாமல், வந்த வழியே பின்வாங்கி, வனக்காவலரிடம் சொன்னால் போதும்.

கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறை இந்தச் சாலையில் போய்ப் பாருங்கள். அதுவரை சாம்பல் நிறத்தில் கிடந்த பொத்தை, பச்சைத் துண்டு போர்த்தியது போல மாறியிருக்கும். இருபக்கமும் இளம்புல் கிளம்பியிருக்கும். காலை நேரமாக இருந்து, நீங்கள் ஜன்னல் ஓரமாகவும் உட்கார்ந்திருந்தால், உடைமரங்களுக்கு நடுவே முறுக்கிய இரண்டு கொம்புகள் நிமிர்ந்து பேருந்தைப் பார்க்கக்கூடும்.